குழிக்கணக்கிலிருந்து தொகையீடு வரை

மாந்தன் நிலத்தை உழத் தொடங்கிய நாள்தொட்டே அதனை அளக்கவும் தொடங்கினான். அளந்தால்தான் வரி, அளந்தால்தான் பங்கு, அளந்தால்தான் கூலி. எல்லைகள் நேர்கோடுகளாக அமைந்திருப்பின் அளத்தல் எளிது. நீளத்தை அகலத்தால் பெருக்கினால் பரப்புக் கிடைத்துவிடும். ஆயின் இயற்கை நேர்கோட்டை விரும்புவதில்லை. ஆறு வளைந்து ஓடுகிறது. குன்று சரிந்து இறங்குகிறது. மரம் அடி பருத்து நுனி சிறுக்கிறது. குடம் வயிறு விரிந்து கழுத்து ஒடுங்குகிறது. வளைந்தவற்றின் பரப்பையும் கன அளவையும் பிழையறக் காண்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடி மாந்தர் நடந்த நெடுவழியே இன்று தொகை நுண்கணிதம் எனப் பெயர் பெற்றுள்ளது.

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தோட்டப்புறங்களுக்கும் இவ்வழிக்கும் என்ன தொடர்பு என்று வியப்போர் இருக்கலாம். சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இருப்புப்பாதை 1891ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. காப்பி பயிரிடப்பட்ட நிலங்களில் பின்னர் ரப்பர் தழைத்தது. தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாக வந்த தொழிலாளர் காடு திருத்தினர், கன்று நட்டனர், பால் வெட்டினர். லின்சம், சுவா பெத்தோங், லாபு, ஜெராம் பாடாங் முதலிய தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன.

அத்தோட்டங்களில் அளவுக்கு உட்படாத பொருள் எதுவுமில்லை. நிலம் ஏக்கரால் அளக்கப்பட்டது. மரம் நிரையால் எண்ணப்பட்டது. வாளிப் பால் கொட்டகையில் நிறுக்கப்பட்டது. அப்பாலில் ரப்பர் எவ்வளவு என்பதை மெட்ரோலாக் என்னும் கருவி காட்டியது. ஆனால் அளவுகோல் தொழிலாளியின் கையில் இருக்கவில்லை. கிராணியின் ஏட்டில் இருந்தது. கணக்கு முடிந்தபின் கூலி எவ்வளவு என்பது மட்டுமே வெட்டியவன் செவிக்கு எட்டியது. அத்தகையோரின் பேரப்பிள்ளைகள் இன்று இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் படிவத்தில், கூடுதல் கணிதப் பாடத்தில், வளைகோட்டின் கீழமைந்த பரப்பையும் சுழற்சியால் உருவாகும் கன அளவையும் மலாய்மொழி வழியே கற்கின்றனர். 'பெங்காமிரான்' என்னும் அப்பாடம் தமக்கு முற்றிலும் அயலானது என்ற எண்ணம் மாணவர் பலருக்கு உண்டு. அவ்வெண்ணம் சரிதானா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் வேண்டும்.

திண்ணைப் பள்ளியின் செல்வம்

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனனம் செய்விக்கப்பட்டது. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. மா என்பது இருபதில் ஒன்று. இப்பின்னங்களையெல்லாம் பிள்ளைகள் நாவிலேயே வைத்திருந்தனர். நிலப்பரப்புக்கு உரிய வாய்பாடு குழிமாற்று எனப்பட்டது. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில் வேலியின் மிக நுண்ணிய பின்னங்கள் வரை நிலம் குறிக்கப்பெற்றிருப்பது அளவுக்கலையின் வளத்தைப் புலப்படுத்தும்.

காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்னும் நூல் நிலம், பொன், நெல், காலம் முதலியவற்றின் கணக்குகளைச் செய்யுளில் தருகிறது. வட்டத்தின் பரப்பைக் காணும் வழியும் அதில் உண்டு. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்குக என்பதே அவ்வழி. இது தோராயமான விதியன்று. முற்றிலும் சரியான விதி. கி.பி. 499இல் ஆரியபட்டர் எழுதிய நூலிலும் இவ்விதி காணப்படுகிறது.

விதி சரியானது, ஆயின் அது ஏன் சரியானது? செய்யுள் அதனைச் சொல்வதில்லை. நினைவில் நிறுத்துதற்கு ஏற்ற வடிவம் செய்யுள். காரணத்தை விரித்துரைத்தற்கு அஃது ஏற்றதன்று. கணக்கன் விதியை அறிந்திருந்தான். அவன் மாணாக்கனும் விதியையே அறிந்தான். காரணம் ஆசான் வாய்மொழியாக உரைத்தால் உண்டு; உரையாவிடின் இல்லை. விதி மட்டும் கைவந்து காரணம் கைவராத கல்வி, சூழ்நிலை மாறியவுடன் தடுமாறும். திண்ணைப் பள்ளியின் வலிமையும் குறையும் இவ்விடத்திலேயே அடங்கியுள்ளன.

உருண்டை தந்த சோதனை

வட்டத்தைவிட உருண்டை அறிஞர்களை மிகுதியும் சோதித்தது. ஆரியபட்டர் போன்ற பேரறிஞரும் இங்கு வழுக்கினார். வட்டப் பரப்பை அதன் இருபடி மூலத்தால் பெருக்கினால் உருண்டையின் கன அளவு கிட்டும் என்றார் அவர். இவ்விதி உண்மை அளவைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிகையாகவே விடை தரும். ஏறத்தாழ அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், 1150ஆம் ஆண்டில், இரண்டாம் பாசுகரர் சரியான விதியைத் தந்தார். உருண்டையின் மேற்பரப்பு அதன் நடுவட்டப் பரப்பைப்போல் நான்கு மடங்கு. அம்மேற்பரப்பை விட்டத்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் கன அளவு என்றார்.

அவர் கையாண்ட வழி நோக்கத்தக்கது. உருண்டையின் மேற்பரப்பை மெல்லிய வளையங்களாகப் பகுத்து, ஒவ்வொரு வளையத்தின் பரப்பையும் கண்டு கூட்டினார். மேற்பரப்பின் ஒவ்வொரு சிறு துண்டையும் அடியாகவும் உருண்டையின் நடுப்புள்ளியை உச்சியாகவும் கொண்ட கூம்பகங்களாக உருண்டையைக் கருதி, அவற்றின் தொகையே கன அளவு எனக் காட்டினார். பகுத்தல், கூட்டுதல் என்னும் இவ்விரண்டும்தாம் தொகையீட்டின் உயிர்நிலை.

இவ்வுண்மையைக் கிரேக்க நாட்டு ஆர்க்கிமிடீசு கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே நிறுவியிருந்தார். சீன நாட்டிலும் சூ கெங் என்பார் வேறொரு வழியில் உருண்டையின் கன அளவைக் கண்டிருந்தார். ஒரே மலையுச்சியைப் பல திசைகளிலிருந்து பலர் ஏறிக் கண்டனர் என்பதே பொருந்தும். அறிவு எந்த ஒரு நாட்டின் தனியுடைமையும் அன்று.

நிளா ஆற்றங்கரையில்

பதினான்காம் நூற்றாண்டிலிருந்து பதினாறாம் நூற்றாண்டு வரை கேரளத்தில், நிளா எனப்படும் பாரதப்புழையை ஒட்டிய ஊர்களில், கணித ஆசிரியரும் மாணாக்கருமாக ஒரு மரபு தழைத்தது. சங்கமக்கிராமத்து மாதவர் அம்மரபின் முதல்வர். வட்டத்தின் சுற்றளவைப் பின்னங்களின் முடிவில்லாத் தொடராக எழுதலாம் எனக் கண்டவர் அவர். அவர் வழியில் வந்த நீலகண்ட சோமயாசி 1500ஆம் ஆண்டளவில் தந்திரசங்கிரகம் என்னும் நூலை வடமொழியில் யாத்தார். தமிழகத்து வானியல் அறிஞரான சுந்தரராசர் எழுப்பிய ஐயங்களுக்கு நீலகண்டர் விடையளித்த செய்தியும் உண்டு. மலையின் இருபுறத்தாரும் அறிவைப் பகிர்ந்துகொண்டமைக்கு இது சான்றாகும்.

இம்மரபில் வந்த சேட்டதேவர் 1530ஆம் ஆண்டளவில் யுக்திபாசை என்னும் நூலை எழுதினார். செய்யுளைத் தவிர்த்து உரைநடையிலும், வடமொழியைத் தவிர்த்து மக்கள் பேசிய மலையாள மொழியிலும் அவர் அதனை எழுதினார். விதிகளை மட்டும் அடுக்காமல், ஒவ்வொரு விதியும் எவ்வாறு பிறக்கிறது என்பதைப் படிப்படியாக அவர் விளக்கினார்.

வட்டத்தின் பரப்பை அவர் விளக்கும் முறை எளியது. எலுமிச்சையைக் குறுக்கே அரிந்தால் சுளைகள் நடுப்புள்ளியை நோக்கிக் கூம்பி நிற்பதைக் காணலாம். அதுபோல் வட்டத்தைப் பல கூறுகளாக்குக. ஒரு பாதியில் உள்ள கூறுகளை வரிசையாக விரித்து, மறுபாதிக் கூறுகளை அவற்றின் இடைவெளிகளில் வாள்பற்கள் போல் பொருத்துக. கூறுகள் நுணுக நுணுக அவ்வுருவம் ஒரு செவ்வகத்தை நெருங்கும். அதன் நீளம் சுற்றளவில் பாதி. அகலம் விட்டத்தில் பாதி. கணக்கதிகாரம் சொன்ன அதே விதி காரணத்தோடு கண்முன் தோன்றுகிறது.

இதனினும் ஆழமான உண்மை ஒன்றையும் அந்நூல் விளக்குகிறது. 1, 2, 3 என ஓர் எண் வரையுள்ள எண்களைக் கூட்டினால் வரும் தொகை, அவ்வெண்ணின் இருபடியில் ஏறத்தாழ பாதி. அவற்றின் இருபடிகளைக் கூட்டினால், அவ்வெண்ணின் முப்படியில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. முப்படிகளைக் கூட்டினால், நாற்படியில் ஏறத்தாழ நான்கில் ஒன்று. எண் மிகப் பெரிதாகும்போது 'ஏறத்தாழ' என்னும் சொல்லுக்கு வேலையில்லாமற் போகும். சங்கலிதம் எனப்பட்ட இக்கூட்டல் முறையே, இன்றைய மாணவர் படியை ஒன்று கூட்டி அதனால் வகுக்கும் தொகையீட்டு விதியின் உட்பொருளாகும்.

பால்வாளி கற்பிக்கும் பாடம்

இவ்வுண்மையைத் தோட்டத்துப் பால்வாளி ஒன்றைக் கொண்டே விளக்கலாம். எடுத்துக்காட்டாக, ஒரு வாளியின் அடிப்புற ஆரம் 12 சென்டிமீட்டர், வாய்ப்புற ஆரம் 15 சென்டிமீட்டர், உயரம் 30 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். அது கொள்ளும் பால் எவ்வளவு?

அவசரக் கணக்கன் இரு ஆரங்களின் சராசரியாகிய 13.5 சென்டிமீட்டரைக் கொண்டு வாளியை நேரான உருளையாகக் கருதுவான். 13.5இன் இருபடி 182.25. அதனை 30ஆலும் 3.1416ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 17,177 கன சென்டிமீட்டர் வரும்.

இனிச் சங்கலிதத்தின் வழியைக் காண்க. வாளியை அடி முதல் வாய் வரை மிக மெல்லிய வட்டத் தகடுகளாகப் பகுத்துக்கொள்க. உயரத்தில் எந்தப் பங்கு ஏறினோமோ, அப்பங்கை 3ஆல் பெருக்கி 12உடன் கூட்டினால் அவ்விடத்து ஆரம் கிட்டும். அவ்வாரத்தின் இருபடியில் மூன்று உறுப்புகள் உண்டு: 144, 72ஐ அப்பங்கால் பெருக்கியது, 9ஐ அப்பங்கின் இருபடியால் பெருக்கியது. அடி முதல் வாய் வரை எல்லாத் தகடுகளையும் கூட்டிச் சராசரி காணும்போது, பங்கின் சராசரி இரண்டில் ஒன்று. பங்கினது இருபடியின் சராசரி மூன்றில் ஒன்று. ஆகவே 144உடன் 36உம் 3உம் சேர்ந்து 183 ஆகிறது. 183ஐ 30ஆலும் 3.1416ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 17,247 கன சென்டிமீட்டர் வரும். இதுவே சரியான அளவு.

இரு விடைகளுக்கும் இடையே ஏறத்தாழ 71 கன சென்டிமீட்டர் வேறுபாடு உள்ளது. ஒரு வாளியில் அது சிறிது. நூறு வாளிகளில் ஏழு லிட்டர். அளப்பவனுக்குச் சிறு பிழையாகத் தோன்றுவது, உழைப்பவன் பக்கத்தில் நின்று பார்க்கும்போது ஏழு லிட்டர்ப் பாலாக உருவெடுக்கிறது. நுண்கணிதம் ஏட்டளவில் நிற்கும் வெறும் மூளைப்பயிற்சியன்று என்பதை உணர்த்த இந்த ஓர் எடுத்துக்காட்டே சாலும்.

நிலத்துக்கும் இதுவே பொருந்தும். அறுபத்தாறு அடி நீளமுள்ள நில அளவைச் சங்கிலியை 1620ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயரான கண்டர் அறிமுகப்படுத்தினார். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆற்றோரமாய் வளைந்த ஒரு நிலத்துண்டின் நேரான பக்கம் 4 சங்கிலி எனவும், ஒவ்வொரு சங்கிலித் தொலைவிலும் ஆறுவரை உள்ள அகலம் முறையே 3, 4, 5, 4, 2 சங்கிலி எனவும் கொள்வோம். அடுத்தடுத்த முனைகளை நேர்கோட்டால் இணைத்துக் கணக்கிட்டால் 15.5 சதுரச் சங்கிலி கிட்டும். தாமசு சிம்சன் பெயரால் வழங்கும் விதி, எல்லையை வளைகோடாகவே கருதுகிறது. முதல், இறுதி அகலங்களோடு இரண்டாம், நான்காம் அகலங்களின் நான்கு மடங்கையும் நடு அகலத்தின் இரு மடங்கையும் கூட்டினால் 47. அதனை மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ 15.67. ஆறு வெளிப்புறமாக வளைந்த இடத்தில் நேர்கோடு விட்டுவைத்த நிலத்தை வளைகோடு மீட்டுத் தருகிறது.

மேலை நாட்டின் பங்கு

மேலை நாட்டிலும் நாட்டு வாழ்வின் தேவையே இக்கலையை வளர்த்தது. வானியலறிஞர் கெப்ளர், திராட்சை மதுப் பீப்பாய்களை வணிகர் கோல் நுழைத்து அளந்த முறையைக் கண்டு ஐயுற்று, பீப்பாயின் கன அளவை ஆராய்ந்து 1615இல் ஒரு நூலே எழுதினார். இத்தாலியரான கவாலியேரி 1635இல் திண்மங்களை மெல்லிய தளங்களாகப் பகுத்து ஒப்பிடும் முறையை வெளியிட்டார். நியூட்டனும் இலைபுனிட்சும் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இதனை முழுமையான கலையாக்கினர். இன்று வழங்கும் நீண்ட தொகையீட்டுக் குறி இலைபுனிட்சு தந்தது. 1686இல் அச்சில் வந்தது.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. கேரள மரபினர் வட்டம், உருண்டை, அவற்றின் நாண்கள் ஆகியவற்றைப் பற்றி வியத்தகு முடிவுகளைக் கண்டனர். ஆயின் எந்த வளைகோட்டுக்கும் பொருந்தும் பொது முறையை அவர்கள் அமைக்கவில்லை. மாறும் வேகத்தைக் காணும் வகையீடும், துண்டுகளைக் கூட்டும் தொகையீடும் ஒன்றற்கொன்று எதிர்ச்செயல்கள் என்னும் பொது உண்மையை நிலைநாட்டிய பெருமை நியூட்டனுக்கும் இலைபுனிட்சுக்குமே உரியது. 'எல்லாம் நம்மிடமே இருந்தது' என்று மார்தட்டுதலும் தவறு. 'எதுவுமே நம்மிடம் இல்லை' என்று தலைகுனிதலும் தவறு.

கேரள மரபின் அறிவு ஏன் பரவவில்லை? அது சில குடும்பங்களின் ஓலைச்சுவடிகளுக்குள் அடங்கிக் கிடந்தது ஒரு காரணம். சார்லசு விசு என்னும் ஆங்கிலேய அலுவலர் எழுதிய கட்டுரை 1834இல் வெளிவந்தபோதுதான் வெளியுலகு அதனைக் கேள்வியுற்றது. அப்போதும் பலர் பொருட்படுத்தவில்லை. யுக்திபாசையின் முதற்பகுதி விளக்கங்களுடன் 1948இல் திருச்சூரில் அச்சேறியது. சென்னையில் பணியாற்றிய கணித அறிஞர் சி. டி. இராசகோபால் முதலானோர் 1940களிலிருந்து எழுதிய ஆய்வுகள் உலகின் கண்ணைத் திறந்தன. முழுநூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2008இல் வந்தது. பூட்டிய பேழைக்குள் இருந்த விளக்கு, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் எவர்க்கும் ஒளி தரவில்லை.

அளவுகோல் எவர் கையில்?

தோட்டப்புறத்துக் கல்வி வரலாற்றை இதனோடு பொருத்திக் காண்க. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் வாழும் தோட்டத்தில் பள்ளி அமைத்தல் வேண்டும் என விதித்தது. எழுத்தும் எளிய கணக்கும் அப்பள்ளிகளில் கிடைத்தன. அதற்கு மேற்பட்ட படிப்புக்கு வழி குறுகலாகவே இருந்தது. கூட்டலும் பெருக்கலும் பால்மரக் காட்டுக்குப் போதும் என்ற எண்ணமே அக்காலத்து ஆட்சியாளரிடம் மேலோங்கியிருந்தது.

நாடு விடுதலை பெற்றபின் வழி விரிந்தது. மொழியோ மாறிக்கொண்டே வந்தது. தமிழில் தொடக்கக் கணிதம், மலாய்மொழியில் இடைநிலைக் கணிதம் என்பது பொது நிலை. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. இம்மாற்றங்களுக்கிடையே மாணவன் விதிகளை மனனம் செய்வதே பாதுகாப்பு என்று கருதிவிடுகிறான். திண்ணைப் பள்ளியின் பழைய குறை புதிய உடையில் மீண்டும் வருகிறது. விதி நாவில் இருக்கிறது. காரணம் நெஞ்சில் இல்லை.

இதற்கு மருந்து தமிழாசிரியர் கையில் உண்டு. தொகையீட்டைத் தமிழ்ப்பள்ளியில் கற்பிக்க வேண்டுவதில்லை. பகுத்துக் கூட்டும் எண்ணத்தை மட்டும் விதைத்தால் போதும். எலுமிச்சை அரிந்து வட்டத்தின் பரப்பைக் காட்டலாம். வாளியில் நீரூற்றிக் கணக்கோடு ஒப்பிடலாம். வளைந்த இலையைக் கட்டத்தாளில் வைத்துக் கட்டங்களை எண்ணச் செய்யலாம். அம்மாணவன் ஐந்தாம் படிவத்தில் மலாய்ச் சொல்லைக் கேட்கும்போது, பொருள் முன்னரே தன்னிடம் இருப்பதை உணர்வான். தொகையீடு, வகையீடு, கன அளவு ஆகிய சொற்கள் தமிழில் இல்லாதவையுமல்ல. தமிழகத்திலும் இலங்கையிலும் மேனிலை மாணவர் இக்கலையைத் தமிழ்வழியே கற்று வருகின்றனர். தாய்மொழியில் பொருளுணர்ந்தவனுக்கு வேற்றுமொழிச் சொல் தடையாவதில்லை. சேட்டதேவர் தம் நூலை மக்கள் மொழியில் எழுதியதன் கருத்தும் இதுவே.

நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. நீலாய், லாபு வட்டாரங்களில் சில நகர்ப்புறக் குடியிருப்புகளாகவும் ஆயின. நிரை எண்ணியவர்களின் மரபில் வந்தோர் நில அளவையாளராகவும் பொறியாளராகவும் உயர்தல் வேண்டும். பாட்டன் சுமந்த வாளியின் கன அளவைப் பேரன் காரணத்தோடு கணித்துச் சொல்லும்போது, ஒரு காலத்தில் கிராணியின் ஏட்டுக்குள் இருந்த அளவுகோல் அவன் கைக்கு வந்துசேர்கிறது. குழிக்கணக்கை ஓலையில் காத்த தமிழ்க் குடிக்கு அக்கோல் புதிதன்று. அதைப் பற்றும் வலிமையை வளர்ப்பதே கற்பிப்போரின் கடன்.